துரு எடுத்த இடத்தில் மறுபடியும் கொப்புளம் ஏன்?

அம்பாசிடரின் கதவடியிலோ பத்மினியின் வீல் ஆர்ச்சிலோ துருவை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்ட் அடித்தாயிற்று. வீட்டிலேயே பெயிண்டும் அடித்தாயிற்று. மூன்று மாதத்தில் அதே இடத்தில் மிளகு மிளகாகக் கொப்புளம். நகத்தால் கிள்ளினால் பட்டி (பெயிண்டுக்கு முன் பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) பொலபொலவென்று பெயர்ந்து வரும். அடியில் தகடு செம்பழுப்பு. பெயிண்ட் மட்டம் என்று கடைக்காரர் மேல் பழி விழுகிறது. பெரும்பாலும் காரணம், பெயிண்டுக்கு அடியில் நாமே வைத்து மூடிய தண்ணீர்.

பாலியஸ்டர் பட்டி பஞ்சு மாதிரி தண்ணீர் குடிக்கும். தூசி பறக்காது, சீக்கிரம் வழுவழுப்பாகும் என்று வாட்டர் பேப்பரை (தண்ணீரில் நனைக்கக்கூடிய உப்புத்தாள்) நனைத்துத் தேய்ப்பது பழக்கமாகிவிட்டது. மேலே காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே ஈரம் நிற்கும். சித்திரை வெயிலில் கதவு கொதிக்கும்போது அது ஆவியாகிப் பெயிண்டைத் தூக்கிவிடும். என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு, பட்டியை உலர்வாகவே 80, 180, 320 நம்பர் உப்புத்தாளால் வரிசையாகத் தேய்த்து வாருங்கள். தண்ணீர்த் தேய்ப்பெல்லாம் அதற்கு மேல் அடிக்கும் சர்ஃபேசர் (கலருக்கு முந்தைய அடிப்பூச்சு) காய்ந்த பிறகு, 600, 800 நம்பரில்.

வெறும் தகட்டில் நேராகப் பட்டி போடவும் கூடாது. துருவைத் தாண்டி நாலு பக்கமும் 5 செ.மீ. வரை பழைய பெயிண்டை எடுத்து, தகடு பளிச்சென்று வரும்வரை 80-ல் தேய்த்து, இரண்டு கோட் எபாக்ஸி பிரைமர் (தகட்டை ஈரத்திலிருந்து காக்கும் முதல் பூச்சு) அடியுங்கள். மறுநாள் 180-ல் லேசாகச் சுரண்டிவிட்டுப் பட்டி. 100 கிராம் பட்டிக்கு ஹார்டனர் (இறுக வைக்கக் கலக்கும் பசை) 2 கிராம்தான். சீக்கிரம் இறுகட்டும் என்று கூட்டிப் போட்டால், மீந்த ஹார்டனர் பெயிண்டுக்கு மேலே மஞ்சள் கறையாக ஊறி வரும். 3 மி.மீ.க்கு மேல் பட்டி தேவைப்பட்டால் அது தகட்டைத் தட்டி நிமிர்த்தும் டிங்கரிங் வேலை, பட்டியால் மூடும் வேலை இல்லை.

கழுவும் தண்ணீரை யாரும் யோசிப்பதில்லை. நாகை, வேதாரண்யம் பக்கம் பல போர்வெல்களில் உப்புத் தண்ணீர். அது காய்ந்தால் தகட்டில் உப்பு தங்கும். அந்த உப்பு பெயிண்ட் படலத்தின் வழியாகவே ஈரத்தை இழுத்துக் கொப்புளமாக்கும். கடைசிக் கழுவலுக்குக் குடிதண்ணீர் கேன் ஒன்று வாங்கிவிடுங்கள். அதன்பிறகு வெறுங்கை படக்கூடாது: வியர்வையும் உப்புதான், தலைக்குத் தடவிய எண்ணெய் பட்டால் பெயிண்ட் அங்கே ஒட்டாது. கம்ப்ரஸர் டேங்கின் அடி வால்வைத் திறந்து தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டே ஸ்பிரே கன்னைக் கையில் எடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வேண்டவே வேண்டாம். மாசி, பங்குனி நல்லது. காலை 10 மணியிலிருந்து 3 மணிக்குள். ஈரத்துணியால் தகட்டில் ஒரு கோடு இழுங்கள். 15 நிமிடத்தில் அது காயவில்லையென்றால் அன்று பெயிண்ட் அடிக்காதீர்கள். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டில் தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படியும். வெள்ளை பூப்பது அதனால்தான். சம்பா அறுவடை நேரமானால் வைக்கோல் தூசு பறக்கும் தெருப்பக்கம் வண்டியை நிறுத்தாதீர்கள்.

கலர் அடிக்கும் முன் பழைய பெயிண்டில் என்.சி. தின்னர் நனைத்த பஞ்சை ஒற்றிப் பாருங்கள். கலர் பஞ்சில் வந்தால் அது என்.சி.; மேலேயே அடிக்கலாம். சுருங்கினால் எனாமல், அதன்மேல் என்.சி. அடித்தால் விளிம்பெல்லாம் சுருண்டுவிடும். அந்தப் பேனல் முழுவதையும் உரித்துவிடுவதே மேல். டூகே பெயிண்டை (ஹார்டனர் கலந்து அடிக்கும் இரட்டைப் பெயிண்ட்) வீட்டில் அடிக்காதீர்கள். அதன் ஹார்டனரிலுள்ள ஐசோசயனேட் நிரந்தர ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடும், துணி மாஸ்க் அதைத் தடுக்காது. வெளிக்காற்று தரும் மாஸ்க் உள்ள பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்து, தகட்டின் உள்பக்கத்தை மறந்தால் வீண். வெல்டிங் சூட்டில் உள்ளே இருந்த பெயிண்ட் கருகியிருக்கும். அடுத்த துரு அங்கிருந்துதான் கிளம்பும். வெளிவேலை முழுதும் காய்ந்த பிறகு, நீண்ட குழாய் மாட்டிய கேவிட்டி வேக்ஸை (உள்பக்கம் துருப்பிடிக்காமல் காக்கும் மெழுகு) உள்ளே அடியுங்கள். முன்னாலேயே அடித்தால் அந்த மெழுகு வெளியே ஒட்டிப் பெயிண்டில் குழி குழியாக விழும். பிறகு கதவடி ஓட்டைகளை ஈர்க்குச்சியால் குத்திவிட்டு, கண்ணாடி ஓரமாக ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். அது தேங்காமல் கீழே வடிய வேண்டும்.