நேரோ பேண்ட் இமேஜிங்: இதில் எது குறுகியது?

எண்டோஸ்கோபி அறிக்கையில் சில சமயம் ‘என்பிஐ மூலம் பார்க்கப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும். நேரோ பேண்ட் இமேஜிங் என்பதன் சுருக்கம் அது. ‘நேரோ’ என்றதும் மெல்லிய குழாய் விட்டுப் பார்த்தார்கள் போல என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. குழாய் அதேதான். இங்கே குறுகியது ஒளியின் அலைநீளப் பரப்பு.

வெள்ளை ஒளியில் ஊதா முதல் சிவப்பு வரை எல்லாம் கலந்திருக்கும். மருத்துவர் கைப்பிடியிலுள்ள பொத்தானை அழுத்தியதும், 415, 540 நானோமீட்டரை ஒட்டிய இரண்டு பட்டைகள் மட்டும் உள்ளே போகும். முதலாவது நீலம், மற்றது பச்சை. ஹீமோகுளோபின் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும் ஒளி என்பதால்தான் இந்த இரண்டையும் தேர்ந்தெடுத்தார்கள். நீலம் ஆழமாகப் போகாது. சளிப்படலத்தின் மேலாக ஓடும் நுண்குழாய்களைப் பழுப்பாகக் காட்டும். பச்சை இன்னும் கொஞ்சம் உள்ளே போய், அங்குள்ள ரத்தக்குழாய்களை நீலப்பச்சையாகக் காட்டும். திரையில் பித்தநீர் சிவந்து தெரிவதால், பழக்கமில்லாதவர் ரத்தம் என்று பதறிப்போகலாம். நிஜ ரத்தமோ கருத்துத் தெரியும்.

பெயரும் முறையும் ஜப்பானில் பிறந்தவை. இரைப்பைப் புற்றுநோய் அதிகமுள்ள நாடு அது. காஷிவா நகரின் தேசியப் புற்றுநோய் மைய மருத்துவமனையும் ஒலிம்பஸ் நிறுவனமும் சேர்ந்து 1990களின் இறுதியில் இதை உருவாக்கின. அதுவரை, இரைப்பைச் சுவரின் மேடுபள்ளம் தெரிய வேண்டுமென்றால் இண்டிகோ கார்மைன் என்ற நீலச் சாயத்தைத் தெளித்துப் பார்ப்பார்கள். சாயம் தெளிப்பது இன்றும் வழக்கில் இருக்கிறது. ஆனால் நேரம் பிடிக்கும் வேலை.

சரி, இரைப்பையில் எதைத் தேடுகிறார்கள்? முக்கியமாக ‘இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியா’வை. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி ஆண்டுக்கணக்கில் தங்கி அழற்சி உண்டாக்கினால், இரைப்பைச் சுரப்பிகள் தேய்ந்து, அந்த இடத்தில் குடலுக்கே உரிய செல்கள் முளைக்கும். இரைப்பைக்குள் குடல் தோல் வளர்வது! அழற்சி, தேய்வு, மெட்டாபிளேசியா, டிஸ்பிளேசியா (செல்களின் ஒழுங்கு கெடுதல்), புற்று என்ற இந்த வரிசையைக் கொலம்பியாவில் பிறந்த நோயியலாளர் பெலாயோ கொரேயா விளக்கினார். வரிசை என்றாலும் எல்லோரும் கடைசிப் படிவரை போவதில்லை. மெட்டாபிளேசியா உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று வருவதே இல்லை. அறிக்கையில் இந்தச் சொல்லைப் பார்த்ததும் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். அதற்காக, மறுபரிசோதனைக்கு வரச் சொன்னால் போகாமலும் இருக்க வேண்டாம்.

வெள்ளை ஒளியில் இந்த மாற்றம் பெரும்பாலும் கண்ணுக்குத் தப்பிவிடும். என்பிஐயில் நெருங்கிப் பெரிதாக்கிப் பார்த்தால், சளிப்படல மேடுகளின் விளிம்பில் மெல்லிய வெளிர்நீலக் கோடு ஓடும். ‘லைட் புளூ க்ரெஸ்ட்’ என்ற இந்த அடையாளத்தை ஜப்பானிய மருத்துவர்கள் 2006இல் விவரித்தார்கள். எங்கே கிள்ளி எடுப்பது என்று பயாப்சிக்கு அது வழிகாட்டும்.

இனி தமிழுக்கு வருவோம். எண்டோஸ்கோபி, ‘உள்ளே’, ‘பார்’ என்ற இரண்டு கிரேக்கச் சொற்களின் கூட்டு. அகநோக்கல் என்பது அப்படியே பொருந்துகிறது, கருவி அகநோக்கி. பேச்சில் ‘கேமரா விட்டுப் பார்த்தார்கள்’ என்கிறோம், அதிலும் பிழையில்லை. மெட்டாபிளேசியாவில் ‘மெட்டா’ மாற்றம், ‘பிளேசியா’ வனைதல். உருமாற்றம் எனலாம்தான், ஆனால் புழு வண்ணத்துப்பூச்சியாவதற்கும் அதையே சொல்கிறோம். குடல்வகைத் திசுமாற்றம் என்றால் குழப்பமில்லை. இலங்கை வழக்கில் திசுவை இழையம் என்பார்கள், அங்கே இழையமாற்றம்.

நேரோ பேண்டுக்குத்தான் கவனம் தேவை. பிராட்பேண்டை அகலக்கற்றை என்று பழகிவிட்டதால் குறுங்கற்றை என்று எழுதத் தோன்றும். ஒளிக்கற்றை என்றாலோ டார்ச்சிலிருந்து வரும் ஒளிதான் நினைவுக்கு வரும். மெல்லிய கற்றையால் ஒரு புள்ளியை மட்டும் பார்க்கிறார்கள் என்று ஆகிவிடும். உண்மையில் எதிரே இருக்கும் சுவர் முழுக்க ஒளி படுகிறது. ஆகவே அலைநீளப் பட்டை என்ற பொருளில் ‘குறும்பட்டை’யே சரி. இமேஜிங்கை ஒளிப்படம் என்றால் போட்டோ ஆகிவிடும். எனவே என் தேர்வு, குறும்பட்டை ஒளிப் படிமமாக்கல். நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். அறையில் என்பிஐ என்றே சொல்லட்டும். நோயாளிக்குத் தரும் விளக்கத்தாளில் இது இருக்கலாம்.

இன்னொன்று. வேறு நிறுவனங்களின் எண்டோஸ்கோபிகளிலுள்ள பட மேம்பாட்டு முறைகளான ஃபியூஜிஃபிலிமின் எல்சிஐ, பென்டாக்ஸின் ஐ-ஸ்கேன் ஆகியவையும் இதே தேடலுக்கு உதவுகின்றன. எல்சிஐயில் குடல்வகைத் திசுமாற்றம் லாவெண்டர் நிறத்தில் தெரியும். இவற்றின் வழிமுறை வேறு என்பதால் இவற்றையும் குறும்பட்டை என்று எழுதக் கூடாது. எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் வேண்டுமென்றால், படிம மேம்பாட்டு அகநோக்கல்.