சுவரோடு மல்லுக்கட்ட வேண்டாம்: பழைய வீடுகளில் வைஃபை

செங்கோட்டை, புளியரை, மலை தாண்டினால் ஆரியங்காவு, தென்மலை. இந்தப் பக்கத்து வீடுகளுக்கு இணைய இணைப்பு கொடுப்பதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். "ரூட்டர் சரியில்லை, பெரிசா ஒண்ணு மாத்திக் கொடுங்க" என்றுதான் முக்கால்வாசிப் பேர் கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்த்தால் ரூட்டரில் குறையே இருக்காது. அது வாசல் பக்கம் ஒரு மூலையில் இருக்கும், வீடு பின்னால் நீளமாகப் போகும்.

செங்கோட்டை 1956 நவம்பர் 1-ல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர் காலத்தில் கட்டிய வீடுகள் இங்கே இன்னும் இருக்கின்றன. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை என்று கட்டுக்கட்டாகப் போகும். நடுநடுவே சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய இரண்டடிச் சுவர். கேரளப் பக்கம் போனால் வெட்டுக்கல். சாரல் தொடங்கிவிட்டால் இந்தச் சுவர்கள் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். தண்ணீர் ரேடியோ அலையை விழுங்கும். மாசியில் ஒழுங்காக வந்த சிக்னல் ஆடியில் தடுமாறினால் அதற்கு இந்த ஈரமும் ஒரு காரணம்.

சுவரை அலை எந்தக் கோணத்தில் கடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டடிச் சுவரை 45 டிகிரி சாய்வில் கடந்தால் அது கிட்டத்தட்ட 2.8 அடிச் சுவர். மூலையில் இருக்கும் ரூட்டரிலிருந்து எதிர்மூலை அறைக்குப் போகும் அலை எல்லாச் சுவரையும் சாய்வாகத்தான் கடக்கிறது. குறுக்கே ஒரு இரும்பு பீரோவும் நின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம்.

எட்டு ஆன்டெனா வைத்த ரூட்டர் வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: ரூட்டர் எவ்வளவு உரக்கப் பேசினாலும் போன் திருப்பிப் பேச வேண்டும். போனின் ரேடியோ சின்னது. அதன் குரல் சுவர் தாண்டி ரூட்டருக்கு எட்டாவிட்டால் திரையில் கோடுகள் முழுசாகத் தெரியும், வீடியோ கால் மட்டும் உறைந்து நிற்கும். 100 எம்பிபிஎஸ் பிளானை 300 ஆக்குவதும் அப்படித்தான். வேகம் ரூட்டர் வரை வந்து நின்றுவிடும்.

பணம் செலவழிக்கும் முன் அளந்து பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு அறை அறையாக நடக்கலாம். அது சிக்னலை டிபிஎம் என்ற அளவில் மைனஸ் எண்ணாகக் காட்டும், பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க சிக்னல் பலம். -67 வரை இருந்தால் வீடியோ காலுக்குப் போதும். -80 என்றால் அந்த அறை இருட்டு. -60 இருந்தது -70 ஆகிவிட்டால் பத்து எண்தான் குறைந்தது என்று விட்டுவிடாதீர்கள், வந்து சேரும் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம். ரூட்டர் தரும் அலைவரிசைகளில் 5 ஜிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வேகம். தடித்த சுவருக்கு அப்பால் 2.4-தான் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

சமீபத்தில் செங்கோட்டையில் ஒரு வீடு. "நெட்டு கூடம் வரைக்கும்தான் வருது தம்பி, பேத்தி திண்ணையில உக்காந்து வேலை பாக்கா" என்றார் அந்த ஆச்சி. பேத்தியின் அறை அடுக்களையை ஒட்டி இருந்தது. ரிப்பீட்டர் ஒன்றை ஏற்கெனவே வாங்கி அதே அறையில் மாட்டியிருந்தார்கள். சிக்னல் வராத இடத்தில் இருக்கும் ரிப்பீட்டருக்கு எடுத்துக் கொடுக்க என்ன இருக்கிறது? அதைக் கூடத்துக்கு மாற்றியதும் கொஞ்சம் தேறியது. ஆனால் சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே கொடுப்பதால் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். "சுவத்துல ஓட்டை மட்டும் போட்றாதப்பா, காரை உதிரும்" என்று ஆச்சி பயந்தார். நியாயமான பயம். நிலைக்கு மேலே, உத்தரத்தை ஒட்டி, புகை போக விட்ட பழைய துவாரம் ஒன்று இருந்தது. அது வழியாக கேட்-6 நெட்வொர்க் கேபிளை இழுத்து, பேத்தி அறையில் ஒரு ஆக்சஸ் பாயின்ட் (வயரில் வரும் நெட்டை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி) வைத்தேன். -84 இருந்த இடத்தில் -45.

இந்த மாதிரி வீடுகளுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். ரூட்டரைக் கூடத்துக்கு, ஆளுயரத்துக்கு மேலே, கதவு வாசல்களுக்கு நேராகக் கொண்டு வாருங்கள். புது இணைப்பு என்றால் ஃபைபரைக் கூடம் வரை இழுக்கச் சொல்லி அன்றைக்கே கேளுங்கள். அப்புறம் கேட்டால் தனிச் செலவு. அதற்கும் எட்டாத கட்டுக்கு ஒரு வயர். மெஷ் (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்குவது) வாங்கினாலும் பெட்டிகளை வயரில் இணைத்தால்தான் இந்தச் சுவர்களில் முழுப் பலன் கிடைக்கும். கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள், அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதும் கடைகளில் கிடைக்கிறது. கரண்ட் வயர் போகும் குழாயில் நெட் கேபிளைச் சேர்த்து விடாதீர்கள்.

செம்புக் கேபிளை முற்றத்திலோ கொல்லையிலோ வெளியே விட வேண்டாம். ஐப்பசி இடிமழையில் பக்கத்தில் மின்னல் விழுந்தாலே அந்தக் கேபிள் வழியாக ரூட்டர், டிவி எல்லாம் போய்விடும். மாட்டுத்தொழுவத்துக்கு மேல் மாடி அறை, தோட்டத்து வீடு என்று வெளியே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் அங்கே ஃபைபர் போடச் சொல்லுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. உள்ளே இரும்புக் கம்பி உள்ள ஃபைபரும் உண்டு, அது இல்லாததாகக் கேட்டு வாங்க வேண்டும்.