78 மார்க் வாங்கின பையனுக்கு "கேட் முன்னாடி நிக்கிறேன்" சொல்லத் தெரியல

போன வருஷம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், சோறு வடிச்சுட்டு இருக்கேன், போன் அடிக்குது. பழைய ஸ்டூடன்ட் ஒருத்தன், சென்னைல சாப்பாடு டெலிவரி பண்றான். "மிஸ் ஒரு அவசரம், கஸ்டமருக்கு தமிழ் தெரியல, சாட்ல மெசேஜ் போடணும், 'கேட் முன்னாடி நிக்கிறேன், செக்யூரிட்டி உள்ள விட மாட்டேங்குறாரு' இத இங்கிலீஷ்ல எப்படி மிஸ் அடிக்கறது?"னு கேக்கறான். கூகுள்ல போட்டா வராதாடான்னேன். "போன தடவ அது வேற எதையோ போட்டுவிட்டு எனக்கு ஸ்டார் குறைஞ்சுடுச்சு மிஸ்"ங்கறான். சரின்னு எழுத்து எழுத்தா சொன்னேன், செக்யூரிட்டிக்கு ஸ்பெல்லிங் கேட்டான், அதையும் சொன்னேன், தேங்க்ஸ் மிஸ்னு வெச்சுட்டான்.

வெச்சதுக்கு அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. இவன் பப்ளிக்ல என் சப்ஜெக்ட்ல 78. ஆண்டு விழால மேடைல நிக்க வெச்சு பேனா குடுத்தோம். எங்க ஊர்ல தெரு விளக்கு எரியலன்னு பத்திரிகை ஆசிரியருக்கு எழுதற லெட்டர, ஃப்ரம்ல ஆரம்பிச்சு கவர் மேல எழுதற அட்ரஸ் வரைக்கும் ஒரு கமா தப்பாம எழுதுவான். அந்த லெட்டர எழுதின கைக்கு ரெண்டு வரி மெசேஜ் வரல. அவன குத்தம் சொல்றதுக்கு இத எழுதல, அந்த 78ஐ வாங்கி குடுத்தது நான்தான், எப்படி வாங்கி குடுத்தேன்னும் எனக்கு தெரியும்.

நான் திருவண்ணாமலை மாவட்டத்துல ஒரு கிராமத்து ஸ்கூல்ல ஒன்பதாவது பத்தாவதுக்கு இங்கிலீஷ் எடுக்கறேன், 17 வருஷமாச்சு. வெளில இருக்கறவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். நம்ம ஸ்டேட் போர்டு பத்தாவது இங்கிலீஷ் முன்னாடி ரெண்டு பேப்பரா இருந்துச்சு, 2019-20ல ஒரே பேப்பர் ஆக்குனாங்க (அந்த முதல் பேட்ச் கொரோனாவுல பரீட்சையே எழுதாம ஆல் பாஸ் ஆனது தனி கதை). 100 மார்க், 35 எடுத்தா பாஸ். அந்த 100ம் எழுத்துல. பேசறதுக்கு ஒரு மார்க் கிடையாது, காதால கேட்டு புரிஞ்சுக்கறதுக்கும் கிடையாது. இப்ப 35 எப்படி எடுக்கறதுன்னு பாருங்க. மெமரி போயம் மனப்பாடம், 5. ரோடு மேப்ல கோ ஸ்ட்ரெயிட், டர்ன் லெஃப்ட்னு போட்டா 2. விளம்பரம், லெட்டர், நோட்டீஸ், படத்த பாத்து எழுதறது, இதெல்லாம் ஆளுக்கு 5, ஃபார்மேட் மட்டும் தெரிஞ்சா போதும், பெட்டி கட்டி நடுவுல நாலு வார்த்தை போட்டா பாதிக்கு மேல வந்துடும். கடைசில வர்ற பேசேஜ்ல கேள்வில இருக்கற வார்த்தைய பேசேஜ்ல தேடி அந்த வரிய அப்படியே காப்பி பண்ணா ஒரு அஞ்சாறு மார்க். ஒன் மார்க் 14ல கண்ண மூடிட்டு போட்டாலும் மூணு நாலு விழும். ஆச்சு. சொந்தமா ஒரு வாக்கியம் கூட எழுதாம கிட்டத்தட்ட பாஸ். லெட்டர்ல கூட அவன் பேர் ஊர் எழுதக்கூடாது, எக்ஸ் எக்ஸ் எக்ஸ்னுதான் போடணும், பேப்பர் யாரோடதுன்னு தெரியக்கூடாதுங்கறதுக்காக. அதுக்கு காரணம் சரிதான், ஆனா நான் அத எப்ப பாத்தாலும் சிரிப்பேன், பேருக்கு ஏத்த மாதிரி அந்த லெட்டர்ல அவனும் இல்ல.

இது டீச்சர்ஸ் எல்லாருக்கும் தெரியும், ஜனவரிக்கு மேல பாஸ் ஆகறதுக்கு போதுமானத மட்டும் மினிமம் மெட்டீரியல்னு ஒன்னு அடிச்சு குடுத்து காலைல சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் போட்டு உருப்போட வெக்கறோம். தப்புன்னு சொல்ல மாட்டேன். ஃபெயில் ஆனா அந்த பொண்ணுக்கு வீட்ல மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சுடுவாங்க, பையன் செங்கல் சூளைக்கு போயிடுவான். அந்த 35 உயிர் மாதிரி. ஆனா ஜனவரில பண்ண வேண்டியத ஜூன்லயே பண்ண ஆரம்பிச்சுட்டோம் பாருங்க, அங்கதான் நான் தப்பு பண்ணேன்.

அந்த போனுக்கு அப்புறம் வந்த ஜூன்ல ஒரு காரியம் பண்ணேன். முதல் வாரம் புக்க திறக்கல. ஆளுக்கு ஒரு துண்டு சீட்டு குடுத்து, பேர் எழுத வேணாம், தமிழ்லயே எழுதுங்க, இந்த இங்கிலீஷ் கிளாஸ்ல உங்களுக்கு என்ன வேணும், என்ன வேணாம்னு கேட்டேன். பாஸ் பண்ணணும்னு நிறைய பேர் எழுதுவாங்கன்னு நெனச்சேன், எழுதுனாங்க. ஆனா அத விட அதிகமா வந்தது வேற. "வாசிக்க சொல்லும்போது பின்னாடி பெஞ்ச் சிரிக்க கூடாது." "தப்பா படிச்சா நிக்க வெக்காதீங்க மிஸ்." "எனக்கு இங்கிலீஷ் எழுத்து கூட்டி படிக்க வராது, யார்கிட்டயும் சொல்லாதீங்க." பேர் போட வேணாம்னு சொல்லியும் இப்படி ஒரு சீட்டு. ஒருத்தி மட்டும் "எங்க அத்தை பொண்ணு கான்வென்ட்ல படிக்குது, அது முன்னாடி ஒரு தடவ இங்கிலீஷ்ல சண்ட போடணும்"னு எழுதியிருந்தா. எனக்கு அந்த சீட்டுதான் ரொம்ப புடிச்சுது, இன்னும் பர்ஸ்ல வெச்சிருக்கேன்.

ஆக ஒரே கிளாஸ் மேல மூணு பேருக்கு மூணு எதிர்பார்ப்பு. ஹெச்.எம்.முக்கு ரிசல்ட் 100 சதவீதம் வரணும், ஏன்னா மீட்டிங்ல எழுப்பி கேப்பாங்க. பேரன்ட்ஸ்க்கு புள்ள இங்கிலீஷ்ல பேசணும், அதுவும் மளமளன்னு, அது எங்க பரீட்சைலயே இல்ல. புள்ளைக்கு யாரும் சிரிக்கக் கூடாது. மூணுத்துல முதல்ல நடக்க வேண்டியது மூணாவதுதான், அது நடக்காம மத்த ரெண்டும் நடக்காது. அதனால போர்டுல முதல் ரூலா அதத்தான் எழுதுனேன்: தப்பா படிக்கறவங்கள பாத்து சிரிச்சா, சிரிச்சவங்க அடுத்த பாரா படிக்கணும். ஒரே வாரத்துல சிரிப்பு அடங்கிடுச்சு. ஏன்னா சிரிக்கற பசங்கள்ல பாதி பேருக்கு படிக்க வராது, அத மறைக்கத்தான் சிரிக்கறாங்க.

எங்க கிளாஸ் மட்டும் இப்படின்னு நெனைக்காதீங்க. அசர் அறிக்கைன்னு ஒன்னு வரும், கிராமத்து பசங்க படிப்ப பத்தின சர்வே, 2023ல அவங்க 26 மாநிலத்துல 28 கிராமப்புற மாவட்டத்துக்கு போய் 14ல இருந்து 18 வயசு பசங்கள பாத்தாங்க. இங்கிலீஷ்ல ஒரு சின்ன வாக்கியத்த வாசிக்க முடிஞ்சது 57.3 சதவீதம் பேருக்குத்தான். அப்படி வாசிச்சவங்கள்லயும் நாலுல ஒருத்தருக்கு அர்த்தம் சொல்ல வரல. அதே பசங்கள்ல கால்வாசி பேரு தாய்மொழில ரெண்டாம் வகுப்பு பாடத்தயே சரளமா வாசிக்கல. இத படிச்சதுல இருந்து பத்தாவது புள்ளைய பாத்து "இது கூட தெரியாதா"ன்னு கேக்கறத நான் விட்டுட்டேன். தெரியாம இருக்க வாய்ப்பு இருக்கு. இங்கிலீஷ் மீடியம் செக்‌ஷன்ல உக்காந்திருந்தாலும் இருக்கு, அதுல சேத்துட்டா பேச்சு தானா வந்துடும்னு நெனைக்கற பேரன்ட்ஸ் தயவுசெஞ்சு ஒரு தடவ புள்ளைய சயின்ஸ் புக்ல ஒரு பாராவ வாசிச்சு அர்த்தம் சொல்ல சொல்லி பாருங்க.

அப்புறம் டார்கெட். ரொம்ப சின்னதா வெச்சேன், ஹெச்.எம். பாத்துட்டு "என்னம்மா இது, நாலாவது வகுப்புக்கா"ன்னாரு. காலாண்டுக்குள்ள அவங்கவங்க வீட்ட பத்தி சொந்தமா அஞ்சு வாக்கியம், கைடு கிடையாது, பக்கத்துல பாக்க கிடையாது. அரையாண்டுக்குள்ள பத்து, அதுல ஒன்னாவது நேத்து நடந்ததா இருக்கணும். வாரத்துக்கு ஒரு தடவையாவது கிளாஸ்ல ஒரு கேள்விய இங்கிலீஷ்ல கேக்கணும், "மே ஐ கோ அவுட்" கணக்குல வராது, அது தமிழாவே ஆயிடுச்சு. மார்ச்ல எக்ஸ் எக்ஸ் எக்ஸ் இல்லாம ஒரு லெட்டர், நிஜமான ஆளுக்கு.

எங்க புக்ல முதல் பாடமே ஒரு கடல்பறவ குஞ்சு பறக்க பயந்துட்டு பாறை மேல தனியா உக்காந்திருக்கற கதைதான். அப்பா அம்மா திட்டி பாப்பாங்க, பட்டினி போட்டுடுவோம்னு மிரட்டி பாப்பாங்க, ஒன்னும் நடக்காது. கடைசில அம்மா வாய்ல மீன் துண்ட வெச்சுகிட்டு பக்கத்துல வந்து, எட்டற மாதிரி ஆனா எட்டாம நிக்கும். பசில பாயும் குஞ்சு. பல வருஷமா அத நடத்தி, அதுல ஒன் மார்க் சினானிம் எடுத்து, பாரா எழுத வெச்சு, எல்லாம் பண்ணேன், மீன எவ்ளோ தூரத்துல புடிக்கணும்னு மட்டும் யோசிக்கல. எட்டடி தள்ளி புடிச்சா அது கீழ பாக்கும், மீன பாக்காது.

அஞ்சு வாக்கியம் எப்படி வந்துச்சுன்னு ஒன்னு மட்டும் காட்டறேன். டீக்கடை வெச்சிருக்கறவரோட பையன், எல்லா டெஸ்ட்லயும் ஒத்த இலக்க மார்க். முதல் வாரம் அவன் நோட்ல ஒரே ஒரு வரி: "மை ஃபாதர் டீ ஷாப் மார்னிங் ஃபோர் ஓ கிளாக் ஓபன்." பழைய நானா இருந்தா சிவப்புல அஞ்சு சுழி போட்டிருப்பேன். ஆனா படிச்சு பாருங்க, அப்பா டீக்கடை காலைல நாலு மணி ஓபன். முழுசா புரியுது. அவன் தப்பு பண்ணல, தமிழ் வரிசைல இங்கிலீஷ் வார்த்தைய அடுக்கியிருக்கான், வினை கடைசில வருது, நாம பேசறது அப்படித்தான. அந்த ஒரு வார்த்தைய மட்டும் வட்டம் போட்டு, அப்பாவுக்கு பக்கத்துல ஒரு அம்புக்குறி. இங்கிலீஷ்காரனுக்கு பொறுமை இல்லடா, யாரு, என்ன பண்றாங்கன்னு உடனே சொல்லிடணும், எங்க எப்பங்கறதெல்லாம் அப்புறம்னு சொன்னேன். ஆர்டிகிள், எஸ், ஸ்பெல்லிங் எதையும் தொடல. அந்த வாரம் முழுக்க கிளாஸ்ல எல்லாருக்குமே அந்த ஒன்னுதான் திருத்தம். அடுத்த வாரம் அவன் எழுதுனான், "மை ஃபாதர் ஓபன் டீ ஷாப் மார்னிங் ஃபோர் ஓ கிளாக். ஐ வாஷ் கிளாஸ்." அந்த ரெண்டாவது வரிய நான் கேக்கவே இல்ல. அப்பதான் தெரிஞ்சுது அவன் ஏன் முதல் பீரியட்ல தூங்கறான்னு.

நோட்டு முழுக்க சிவப்பா திருத்தினாதான் டீச்சர் ஒழுங்கா வேல பாக்கறாங்கன்னு சில பேரன்ட்ஸ் நெனைக்கறீங்க, இன்ஸ்பெக்‌ஷன் வர்றவங்களும் அப்படித்தான் நோட்ட புரட்டறாங்க. ஒரு வாரத்துக்கு ஒரு தப்புதான் திருத்தறேன்னு அவங்ககிட்ட வெளக்கி முடியறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுக்கு பசங்க வெச்ச பேரு கவர் கிளாஸ். வீட்ல இருக்கற ஏதாவது ஒரு கவர், இங்கிலீஷ் எழுத்து இருக்கறது, பிஸ்கட்டோ மாத்திரை அட்டையோ உர மூட்டை லேபிளோ, கொண்டு வந்து படிச்சு அர்த்தம் சொல்லணும். ஒரு பொண்ணு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கொண்டு வந்தா. திக்கி திக்கி படிக்கறா, "டிசால்வ் தி என்டையர் கன்டென்ட்ஸ் இன் ஒன் லிட்டர்". டிசால்வ்னா கரைக்கறது, என்டையர்னா முழுசும், லிட்டர் அவளுக்கே தெரியும். கொஞ்ச நேரம் சும்மா நின்னா. "மிஸ், எங்க வீட்ல தாத்தாவுக்கு வயிறு போச்சுன்னா ஒரு டம்ளர்ல முழு பாக்கெட்டையும் கொட்டி குடுக்கறோம் மிஸ்." அப்படி குடுத்தா உப்பு அதிகமாகி இன்னும் மோசமாகும்னு சயின்ஸ் டீச்சர கூப்பிட்டு சொல்ல வெச்சேன். அன்னிக்கு சாயங்காலம் அவ வீட்ல போய் ஒரு லிட்டர் வாட்டர் பாட்டில எடுத்து வெச்சு அம்மாவுக்கு கிளாஸ் எடுத்திருக்கா. டிசால்வ், என்டையர், ரெண்டும் அவ சாகற வரைக்கும் மறக்க மாட்டா, எந்த கைடும் அத பண்ணாது.

பேரன்ட்ஸ் என்ன பண்ணலாம்னு கேக்கறாங்க, அதுவும் "எங்களுக்கே இங்கிலீஷ் தெரியாதே டீச்சர்"னு. தெரிய வேணாம். தினம் அஞ்சு நிமிஷம் புள்ளைய சத்தமா வாசிக்க சொல்லி கேளுங்க, நீங்க வெங்காயம் உரிச்சுகிட்டே கேட்டா போதும், கடைசில இதுல என்ன சொல்லியிருக்குன்னு தமிழ்ல கேளுங்க. உங்களுக்கு தெரியாதுங்கறதே அவனுக்கு தைரியம், தப்பா படிச்சா கண்டுபிடிக்க மாட்டீங்கல்ல. 30 நாள்ல சரளமா பேசலாம்ங்கற போஸ்டர பாத்துட்டு நாலாயிரம் அஞ்சாயிரம்னு கட்டாதீங்க, எங்க ஊர்லயே ரெண்டு பேர் கட்டிட்டு வந்து "ஹவ் ஆர் யூ, ஐ ஆம் ஃபைன்"ல நிக்கறாங்க. சொந்தக்காரங்க முன்னாடி "எங்க ஏதாச்சும் இங்கிலீஷ்ல பேசிக் காட்டு"ன்னு நிக்க வெக்கறத மட்டும் விட்டுடுங்க, கெஞ்சி கேக்கறேன், அந்த ஒரு சீன் ஆறு மாச வேலைய கெடுத்துடும்.

மார்க் என்னாச்சுன்னு கேப்பீங்க. போன பேட்ச்ல எல்லாரும் பாஸ் ஆகல, ரெண்டு பேர் போயிட்டாங்க, ஜூலை சப்ளிமென்டரில எழுதி ஏறிட்டாங்க. மினிமம் மெட்டீரியலும் குடுத்தேன், ஜனவரில. மீட்டிங்ல என்ன எழுப்பி கேட்டாங்க, நின்னேன். டீக்கடை பையன் 46.

மார்ச்ல நிஜ லெட்டர் எழுத சொன்னப்ப அவன் யாருக்கு எழுதுனான்னு சொல்லலையே. எனக்குத்தான். ஏழு வரி. கடைசி ரெண்டு வரி அப்படியே: "ஐ ஸ்லீப் யுவர் கிளாஸ். யூ நாட் ஸ்கோல்ட்." அதுல இன்னும் திருத்த மூணு தப்பு இருக்கு, திருத்தல.