பருமனாக்கும் சூழல்: ஒரு சொல் விளக்கம்

குழந்தைப் பருவ உடற்பருமனைத் தடுப்பது பற்றிய கொள்கை ஆவணங்களில் அடிக்கடி இடம்பெறும் சொற்களுள் ஒன்று 'ஒபிசோஜெனிக்', அதாவது உடற்பருமனை உண்டாக்கும், என்னும் அடைமொழி. இது 'சூழல்' என்னும் பொருள்தரும் சொல்லோடு சேர்ந்தே பெரும்பாலும் வரும். குழந்தைப் பருவ உடற்பருமனை ஒழிப்பதற்கென உலக சுகாதார நிறுவனம் 2014இல் அமைத்த ஆணையம், 2016 சனவரியில் அளித்த இறுதி அறிக்கையில், இன்றைய குழந்தைகளில் பலர் இத்தகைய சூழலிலேயே வளர்கிறார்கள் என்று கூறியது. தமிழில் எழுதும்போது இந்தச் சொல்லை 'தவறான உணவுப் பழக்கம்' என்று மாற்றிவிடுவது எளிது. அப்படி மாற்றினால் அந்த அறிக்கை எதை மறுக்கிறதோ அதையே, அதாவது குற்றம் குழந்தையுடையது என்பதையே, தமிழில் சொன்னதாகிவிடும்.

சொல்லின் முற்பகுதி இலத்தீனிலிருந்து வந்தது. 'எடெரே' என்றால் உண்ணுதல். அதன் முன் 'ஓப்' என்னும் முன்னொட்டுச் சேர்ந்து பிறந்த 'ஒபேசுஸ்' என்பதற்கு உண்டு உண்டு பருத்தவன் என்று பொருள். வியப்பு என்னவென்றால், அதே சொல் 'உண்ணப்பட்டுத் தேய்ந்தது, மெலிந்தது' என்னும் நேர்மாறான பொருளிலும் ஒரு காலத்தில் வழங்கியது. இரண்டாம் நூற்றாண்டு உரோமானிய எழுத்தாளர் ஆலுஸ் கெல்லியுஸ், தமக்கு முந்தைய கவிஞர் ஒருவர் அப்படி ஆண்டிருப்பதைக் குறித்து வைத்திருக்கிறார். பிற்காலத்தில் பருத்தவன் என்னும் பொருளே நிலைத்தது. பிற்பகுதியான 'ஜெனிக்' கிரேக்க வேரிலிருந்து வந்தது. பிறப்பிப்பது, உண்டாக்குவது என்று பொருள்படும். வடமொழி 'ஜனனம்' இதற்கு உறவுச் சொல். இலத்தீன் தலையும் கிரேக்க வாலும் கொண்ட இந்தக் கலப்புச் சொல்லை மொழித் தூய்மை பேசுவோர் விரும்பமாட்டார்கள் என்றாலும், மருத்துவத் துறை அதை ஏற்றுக்கொண்டுவிட்டது.

அதற்குத் தெளிவான வரையறை தந்தது 1999இல் பாய்ட் ஸ்வின்பர்ன், கேரி எக்கர், ஃபெசீலா ராசா ஆகிய மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை. தனிமனிதரிடமோ மக்கள்தொகையிலோ உடற்பருமனை வளர்க்கும் வகையில் சுற்றுப்புறமும் வாய்ப்புகளும் வாழ்நிலைகளும் செலுத்தும் தாக்கங்களின் கூட்டுத்தொகை என்பது அவர்கள் சொன்னதன் சாரம். இந்தக் கூட்டுத்தொகையைப் பகுத்துப் பார்க்க அவர்கள் ஒரு கட்டமும் வகுத்தார்கள். வீடு, பள்ளி, தெரு போன்றவை குறுஞ்சூழல். உணவுத் தொழில், போக்குவரத்து, ஊடகம் போன்றவை பெருஞ்சூழல். இவ்விரண்டிலும் என்ன கிடைக்கிறது, என்ன விலைக்குக் கிடைக்கிறது, விதிகள் என்ன சொல்கின்றன, ஊர் வழக்கம் எதைச் சரியென்று கருதுகிறது என்று நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்றார்கள். குழந்தைக்கு மனவுறுதி இருக்கிறதா என்னும் கேள்விக்கு அந்தக் கட்டத்தில் இடமே இல்லை.

இனித் தமிழுக்கு வருவோம். 'உடற்பருமன்' என்பது இன்று தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நிலைபெற்றுவிட்ட நல்ல சொல். 'பரு' என்னும் வேர் மிகப் பழையது; சங்கப் பாடல்களில் 'பரூஉ' என்று அளபெடுத்து வருவதும் இதுவே. 'பருமன்' என்பதில் இகழ்ச்சி இல்லை. தமிழ்நாட்டு வேதியியல் நூல்களில் 'பருமனறி பகுப்பாய்வு' உண்டு. இலங்கைப் பாடநூல்களில் ஒரு கணியத்தின் அளவைப் பருமன் என்பார்கள். அளவைக் குறிக்கும் சொல் என்பதால் அது யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. 'கொழுப்பு' அப்படியன்று. சித்த மருத்துவம் ஏழு உடற்கட்டுகளுள் ஒன்றாக அதை வைத்திருந்தாலும், பேச்சு வழக்கில் "உனக்குக் கொழுப்பு அதிகம்" என்றால் அது இரத்தப் பரிசோதனையின் முடிவு அன்று, திமிர் என்னும் குற்றச்சாட்டு. 'ஊளைச்சதை' வெளிப்படையான ஏளனம். 'பூசினாற்போல' என்பது அழகான சொல்தான், ஆனால் அது மருத்துவ நிலையைச் சொல்வதில்லை. சற்றே சதைப்பிடிப்பான உடம்பைப் பாராட்டும் கண்ணைச் சொல்வது. ஆகவே பெயர்ச்சொல் பகுதிக்குப் 'பருமன்' என்பதையே கொள்ளலாம். இதனோடு 'மிகை எடை' என்பதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் 5 முதல் 19 வயது வரை உள்ளோருக்கு, வயதுக்கேற்ற உடல் நிறைக் குறியெண் (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண்) இடைநிலையிலிருந்து ஒரு திட்ட விலக்கத்துக்கு மேல் சென்றால் மிகை எடை, இரண்டுக்கு மேல் சென்றால் உடற்பருமன்.

சிக்கல் 'ஜெனிக்' பகுதியில்தான். 'உடற்பருமன் சார்ந்த சூழல்' என்றால் எது எதைச் சார்ந்தது என்று தெரியாது. 'பருமனாகும் சூழல்' என்று எழுதுவதில் ஒரே ஓர் எழுத்து குறைகிறது. ஆனால் அந்த எழுத்தோடு செய்பவனும் மறைந்துவிடுகிறான். ஆதல் தன்வினை, ஆக்குதல் பிறவினை. 'குழந்தை பருமனாகிறது' என்னும் தொடரில் எழுவாய் குழந்தை. 'சூழல் குழந்தையைப் பருமனாக்குகிறது' என்னும் தொடரில் குழந்தை செயப்படுபொருளாகி, சூழல் எழுவாயின் இடத்துக்கு வருகிறது. மூலச்சொல் உருவாக்கப்பட்டதன் நோக்கமே இந்த இடமாற்றம்தான். 'தூண்டும் சூழல்' என்று எழுதுவோரும் உண்டு. அது விளம்பரத்துக்குப் பொருந்தும். நடைபாதை இல்லாத சாலைக்கும் பூட்டிக் கிடக்கும் விளையாட்டுத் திடலுக்கும் பொருந்தாது, ஏனெனில் அவை எதையும் தூண்டுவதில்லை, ஓடியாடும் வாய்ப்பை எடுத்துக்கொள்கின்றன. எனவே 'பருமனாக்கும் சூழல்' என்பதே என் பரிந்துரை. சுருக்கம் வேண்டுவோர் வினைத்தொகையாகப் 'பருமனாக்குசூழல்' என்றும் எழுதலாம். பேசுவோர் வாயில் அது எளிதாக வருமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

எழுவாய் மாறினால் அரசாணையும் மாறும் என்பதற்குச் சிலி நாட்டைப் பார்க்க வேண்டும். மருத்துவரும் செனட்டருமான கீடோ ஹிரார்தி முன்னின்று வாதாடிய 20.606ஆம் எண் சட்டம் 2012இல் நிறைவேறி, 2016 சூன் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. சர்க்கரை, சோடியம், நிறைவுற்ற கொழுப்பு, ஆற்றல் ஆகியவற்றில் வரம்பை மீறும் பொட்டல உணவின் முகப்பில், ஒவ்வொரு மீறலுக்கும் ஒன்றாக, 'மிகுதி' என்று அறிவிக்கும் கறுப்பு எண்கோண முத்திரை இருக்க வேண்டும். 2019இல் நடைமுறைக்கு வந்த இறுதிக் கட்டத்தின்படி திட உணவுக்கு 100 கிராமுக்கு 10 கிராம் சர்க்கரை, 400 மில்லிகிராம் சோடியம், 4 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 275 கிலோகலோரி என்பவை அந்த வரம்புகள். முத்திரை பெற்ற உணவைப் பள்ளிக்குள் விற்க முடியாது; 14 வயதுக்குட்பட்டோரைக் குறிவைத்து விளம்பரம் செய்ய முடியாது; பெட்டியின் மேல் கேலிச்சித்திர விலங்கை அச்சிட முடியாது. காலை உணவுத் தானியப் பெட்டிகளில் சிரித்துக்கொண்டிருந்த புலி காணாமல் போனது. உள்ளே பொம்மை வைத்த சாக்லேட் முட்டை கடைகளிலிருந்து விலகியது. முதல் கட்டத்துக்குப் பின், முத்திரை பெறத்தக்க பானங்களைக் குடும்பங்கள் வாங்கும் அளவு ஏறத்தாழ 24 விழுக்காடு குறைந்ததாக 2020இல் வெளியான ஆய்வு ஒன்று கணித்தது. அந்த ஆய்வு அளந்தது கொள்முதலைத்தான், குழந்தைகளின் எடையை அன்று. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது சட்டத்துக்கு நன்மை செய்யாது. கவனிக்க வேண்டியது, இச்சட்டத்தின் ஒரு விதிகூடக் குழந்தையைப் பார்த்து எதையும் செய் என்று சொல்லவில்லை என்பதே.

எழுவாயாகக் குழந்தையையே வைத்துக்கொண்ட முயற்சிக்குச் சிங்கப்பூர் எடுத்துக்காட்டு. தமிழ்ப் பிள்ளைகளும் பயிலும் அந்நாட்டுப் பள்ளிகளில் 1992 முதல் 2007 வரை 'ட்ரிம் அண்ட் ஃபிட்' என்னும் திட்டம் நடந்தது. எடை மிகுந்த மாணவர்களைப் பிரித்தெடுத்துக் கூடுதல் உடற்பயிற்சி தந்தார்கள். எண்களை மட்டும் பார்த்தால் தோல்வி என்று சொல்ல முடியாது. எடை மிகுந்த மாணவர்களின் பங்கு அக்காலத்தில் 14 விழுக்காட்டு அளவிலிருந்து ஏறத்தாழ 10 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஆனால் திட்டத்தின் ஆங்கில முதலெழுத்துகளைத் திருப்பிப் படித்தால் 'குண்டு' என்று பொருள்படும் சொல் வரும். பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்காமல் இருப்பார்களா? அடையாளம் காட்டி ஒதுக்குகிறது என்னும் குறை தொடர்ந்து எழ, 2007இல் அதைக் கைவிட்டு எல்லா மாணவருக்குமான நலத் திட்டத்துக்கு மாறினார்கள். 2022 இறுதியில், பானங்களின் சர்க்கரை அளவைத் தரப்படுத்திக் காட்டும் குறியீட்டை அந்நாடு கட்டாயமாக்கியபோது, பார்வை பிள்ளையிடமிருந்து போத்தலுக்கு நகர்ந்திருந்தது.

இலங்கை இவ்விதியில் முந்திக்கொண்டது. 2016 ஆகத்து முதல் அங்கே மென்பானங்களில் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடைப்பட்டால் மஞ்சள் என்று நிறக்குறி இடும் விதி வந்தது. பிரித்தானியா 2018 ஏப்பிரலில் கொணர்ந்த வரி இன்னொரு வகை: 100 மில்லிலீற்றரில் 5 கிராம், 8 கிராம் என்னும் இரு படிகளில் அது அமைந்ததால், பல நிறுவனங்கள் வரியைத் தவிர்க்கத் தங்கள் பானத்தின் சர்க்கரையையே குறைத்தன. வாங்குபவர் எதையும் மாற்றிக்கொள்ளாமலே சூழல் மாறியது.

சட்டம் எட்டாத இடத்தில் ஊர் எட்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சோமர்வில் நகரில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா இக்கனாமோஸ் வழிநடத்திய பணி, பள்ளி உணவு, நடந்து பள்ளி செல்லும் வழிகள், உணவகங்களின் பரிமாறல் என்று ஊரின் பல கண்ணிகளை ஒரே நேரத்தில் தொட்டது. ஒப்பீட்டு ஊர்களோடு பார்க்கையில், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளின் உடல் நிறைக் குறியெண் சிறிதளவு இறங்கியதாக 2007இல் வெளியான முடிவுகள் காட்டின. சிறிதளவுதான், ஆனால் எந்தப் பிள்ளையையும் தனியே நிறுத்தி எடை பார்த்துத் திட்டாமல் கிடைத்த அளவு அது.

இந்தியாவில் இச்சொல்லைக் கூடுதல் கவனத்தோடு ஆள வேண்டும். ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 5 வயதுக்குட்பட்ட மிகை எடைக் குழந்தைகள் 3.4 விழுக்காடு, முந்தைய கணக்கெடுப்பில் அது 2.1. அதே கணக்கெடுப்பில் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் 35.5 விழுக்காடு. இரண்டும் ஒரே தெருவில், சில நேரம் ஒரே வீட்டில் இருக்கும்போது, 'பருமனாக்கும் சூழல்' என்பதற்குச் சோறு மிகுந்த சூழல் என்று பொருள் கொள்வது பெரும் பிழை. சத்துணவுக் கூடத்தின் சாம்பார் சாதமும் முட்டையும் அதில் சேரா. பள்ளி வாயிலில் தொங்கும் ஐந்து ரூபாய் வறுவல் பொட்டலம் சேரும். நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் வெளியிட்ட விதி, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவைப் பள்ளிக்குள்ளும் வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் விற்பதைத் தடுக்கிறது. ஐம்பத்தோராவது மீட்டரில் கடை இருந்தால் பிள்ளைகளுக்கு அது தொலைவா என்று கேட்கலாம்; ஆனாலும் அந்த விதியின் இலக்கணம் சரியானது.

கிளைச்சொற்கள் இரண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'ஒபிசோஜென்' என்பது வேறு பொருள். உடலின் கொழுப்புச் சேமிப்பைக் குலைக்கும் வேதிப்பொருள்களைக் குறிக்க புரூஸ் புளும்பெர்க்கும் ஃபெலிக்ஸ் குரூனும் 2006இல் ஆண்ட சொல் அது. 'நோயாக்கி' என்பதைப் போல அதைப் 'பருமனாக்கி' எனலாம். சூழலைக் குறிக்க அதை எடுத்தாளக் கூடாது. பருமனாக்கும் சூழலுக்கு எதிர்ச்சொல்லாக ஆங்கிலத்தில் வழங்கும் 'லெப்டோஜெனிக்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'மெலிவிக்கும் சூழல்' என்று வரும். வளரும் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகையில், அதுவும் மெலிவே பெருநோயாக இருக்கும் நாட்டில், அந்தப் பெயர்ப்பைத் தவிர்த்து 'உடல்நலம் பேணும் சூழல்' என்று எழுதுவதே தகும்.