துணையூக்கி: கோஆக்டிவேட்டருக்குத் தமிழில் என்ன?

ஸ்டீராய்டு ஹார்மோன் ஏற்பியோடு (ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் செல்புரதம்) சேர்ந்துகொண்டு, அந்த ஏற்பி பிடித்திருக்கும் மரபணுவை முடுக்கிவிடும் புரதம்தான் கோஆக்டிவேட்டர். ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டரோன், கார்டிசால் போன்றவை செல்லுக்குள் நுழைந்து தத்தம் ஏற்பியைப் பற்றுகின்றன. ஏற்பி போய் டி.என்.ஏ.வில் தனக்குரிய இடத்தில் அமர்கிறது. கோஆக்டிவேட்டர் அப்படி டி.என்.ஏ.வில் நேராக அமர்வதில்லை. ஏற்பியின் மேல் ஒட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறது. தமிழ்ச்சொல்லைத் தேர்வதற்கு இந்த வேறுபாடு முக்கியம்.

சொல்லின் வேர் லத்தீன். ‘கோ’ என்றால் உடன். ‘ஆக்டிவேட்டர்’ என்பது இயக்கு, செய் என்று பொருள்படும் ‘அகெரே’ என்ற வினையிலிருந்து வந்தது. கூடவே புழங்கும் ‘ஹார்மோன்’ கிரேக்க வேர் கொண்டது, பொருள் ‘தூண்டுவது’. 1905-இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அதற்கு ‘இயக்குநீர்’ என்ற தமிழ் இருக்கிறது. ஆனால் ஸ்டீராய்டுகள் நீரை விடக் கொழுப்போடு ஒட்டுறவு கொண்டவை என்பதால் நான் ஹார்மோன் என்றே எழுதுகிறேன்.

சரி, இப்படி ஒரு புரதம் இருப்பது எப்படித் தெரிந்தது? ஆளைக் காண்பதற்கு முன்பே தடயம் கிடைத்துவிட்டது. 1989-இல் பியர் ஷாம்போன் குழுவினர், ஒரே செல்லில் ஒரு ஸ்டீராய்டு ஏற்பியை அளவுக்கு மீறிப் பெருக்கினால் இன்னொன்றின் வேலை மந்தமாவதைக் காட்டினார்கள். இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று செல்லில் கொஞ்சமாகத்தான் இருக்கிறது, அதற்குத்தான் இந்தப் போட்டி என்பது அவர்கள் ஊகம்.

1994-இல் அது பட்டையாகக் கண்ணில் பட்டது. வேறொரு குழுவினர் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் ஹார்மோன் பிடிக்கும் பகுதியை நுண்மணிகளில் ஒட்டி, செல் சாற்றில் கலக்கி, கழுவி, ஒட்டியிருந்தவற்றைப் புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் கூழ்மத்தில் (ஜெல்) ஓடவிட்டார்கள். ஹார்மோன் சேர்த்த தடத்தில் 160 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அருகே ஒரு பட்டை. சேர்க்காத தடத்தில் அது இல்லை. பட்டை கிடைத்தது, ஆனால் அது எந்த மரபணுவின் புரதம்?

அதற்குக் கைகொடுத்தது ஈஸ்ட் இருகலப்பு முறை. ஸ்டான்லி ஃபீல்ட்ஸும் ஓக்-க்யூ சாங்கும் 1989-இல் வெளியிட்டது. ஈஸ்ட்டில் கால்4 என்ற புரதம் உண்டு. அதன் ஒரு பாதி டி.என்.ஏ.வைப் பிடிக்கும், மறு பாதி மரபணுவை இயக்கும். பாதிகளைப் பிரித்து, ஒன்றில் நமக்குத் தெரிந்த புரதத்தையும் மற்றதில் தெரியாத புரதங்களை ஒவ்வொன்றாகவும் இணைக்க வேண்டும். இரு புரதங்களும் ஒட்டிக்கொண்டால் கால்4 மீண்டும் முழுசாகி, அடையாள மரபணு இயங்கி, ஈஸ்ட் திட்டு நீலமாகும். ஸ்டீராய்டு ஏற்பியிடம் இதில் ஒரு வில்லங்கம்: அது தானே மரபணுவை இயக்கவல்லது என்பதால், ஜோடி எதுவும் வராமலே திட்டு நீலமாகிவிடக்கூடும். முதலில் ஏற்பியைத் தனியாக வைத்துப் பார்ப்பது இதனால்தான்.

1995-இல் பெர்ட் ஓ’மாலி குழு புரொஜெஸ்டரோன் ஏற்பியை வைத்து இந்த முறையில் தேடியபோது எஸ்.ஆர்.சி-1 என்ற கோஆக்டிவேட்டர் சிக்கியது. அதைச் செல்லில் கூடுதலாகக் கொடுத்ததும் ஏற்பிகளுக்கிடையிலான அந்தப் பழைய போட்டி தணிந்தது. 1989-இன் ஊகம் சரிதான். அப்புறம் அதன் உறவுப் புரதங்கள் வரிசையாக வந்தன. எஸ்.ஆர்.சி-3 ஒன்றையே பல ஆய்வகங்கள் தனித்தனியாகப் பிடித்து ஏ.ஐ.பி-1, ஏ.சி.டி.ஆர்., ஆர்.ஏ.சி-3 என்று ஆளுக்கொரு பெயர் வைத்தன. பழைய கட்டுரைகளைப் படிப்பவர்களுக்கு இன்றும் இது தலைவலி.

இனி தமிழுக்கு வருவோம். ‘கோ’ என்றதும் ‘இணை’ என்று போடத்தான் கை போகும். ‘இணை’ சமநிலையைச் சொல்லும்: இணையாசிரியர், இணைகோடு. இங்கே சமநிலை இல்லை. ஏற்பி இல்லாமல் இந்தப் புரதத்துக்கு அந்த மரபணுவில் இடமே இல்லை. ஆகவே ‘துணை’தான் பொருந்தும். ‘ஆக்டிவேட்டர்’ என்பதற்குச் ‘செயலூக்கி’ என்று முழுசாகச் சொல்லலாம். துணையோடு சேரும்போது ‘ஊக்கி’ போதும். வினையூக்கியோடு குழம்பாதா என்றால், அதில் ‘வினை’ முன்னால் நிற்கிறது, குழம்பாது. எனவே துணையூக்கி.

ஈஸ்ட் சோதனையின் கலைச்சொற்களில்தான் உண்மையான சிக்கல். ஆங்கிலத்தில் தூண்டிலில் கோப்பதற்கு, அதாவது நமக்குத் தெரிந்த புரதத்துக்கு, ஒரு சொல் (பெய்ட்), வேட்டையில் சிக்குவதற்கு வேறொரு சொல் (ப்ரே). தமிழில் இரண்டுமே இரை! ‘இரைப்புரதம்’ என்று எழுதினால் எது எதைப் பிடித்தது என்றே தெரியாது. தூண்டிற்புரதம், சிக்கும் புரதம் என்று பிரித்துவிடலாம்.

எதிர்ப்பக்கம் நின்று, ஏற்பியோடு சேர்ந்து மரபணுவை அடக்கிவைக்கும் கோரெப்ரசருக்குத் துணையடக்கி. என்.கோ.ஆர்., ஸ்மர்ட் இரண்டும் 1995-இல் வந்த துணையடக்கிகள். ஹார்மோன் பிடித்த ஏற்பியில் அந்தப் புரத இழையின் 12-ஆம் சுருள் மடங்கி மூடிக்கொள்ள, துணையூக்கி பொருந்த ஒரு பள்ளம் உருவாகிறது. மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்சிஃபென் மருந்து ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் அந்தச் சுருளையே பள்ளத்தில் தள்ளி அடைத்துவிடுகிறது. துணையூக்கிக்கு இடமில்லாமல் போக, மார்பகச் செல்களில் துணையடக்கிகள் வந்து ஏற்பியில் ஏறிக்கொள்கின்றன.