நியூட்ரலில் மேடேறும் கார்

லடாக்கில், லே நகரத்திலிருந்து கார்கில் போகும் நெடுஞ்சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி ஒரு மஞ்சள் பலகை நிற்கிறது. பத்தர் சாகிப் குருத்வாராவைத் தாண்டியதும், சிந்து நதியும் சன்ஸ்காரும் கலக்கும் நிம்முவுக்குக் கொஞ்சம் முன்னால். சாலையில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். அதற்குள் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டியதுதான். வண்டி மெல்ல நகரத் தொடங்கும், அதுவும் மேடாகத் தெரிகிற பக்கமாக.

காந்த மலை என்று பெயர். தகுதியுள்ளவர்களைச் சொர்க்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகும் பாதை இது என்று உள்ளூரில் ஒரு கதை உண்டு. வெளியூர்க்காரர்கள் சொர்க்கத்தை எடுத்துவிட்டுக் காந்தத்தை வைத்துக்கொண்டார்கள். இரண்டில் சொர்க்கக் கதைதான் எனக்குப் பிடித்திருக்கிறது. அது அறிவியல் வேஷம் போடவில்லை.

காந்தம் ஏன் இல்லை என்பதை முதலில் முடித்துவிடலாம். ஒரு திசைகாட்டியின் முள் வடக்கே திரும்புகிறது, ஆனால் வடக்கு நோக்கி ஊர்ந்து போவதில்லை. காரணம், பூமியின் காந்தப்புலம் முள்ளின் நீளத்துக்குள் எங்கும் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருக்கிறது. அப்படிப்பட்ட புலம் பொருளைத் திருப்பும், இழுக்காது. இழுக்க வேண்டுமானால் புலம் ஓரிடத்தில் வலுவாகவும் பக்கத்திலேயே பலவீனமாகவும் இருக்க வேண்டும். பிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தத்தைப் பாருங்கள். விரல் கனம் விலக்கினாலே அதன் பிடி போய்விடுகிறது. ஒரு மலை காரை இழுப்பதானால், சட்டைப்பையில் இருக்கும் சாவிக்கொத்து முதலில் பறந்து போயிருக்க வேண்டும். இவ்வளவு விளக்கம்கூட எதற்கு? வண்டிக்குத் திருஷ்டி கழிக்க வாங்கியதில் ஒரு எலுமிச்சம்பழம் மிச்சமிருந்தால் அதைச் சாலையில் உருட்டிவிடுங்கள். இரும்பே இல்லாத எலுமிச்சையும் கார் போன பக்கம்தான் போகும். பாட்டில் தண்ணீரை ஊற்றினாலும் அப்படியே.

ஆக, கார் போகும் பக்கம் பள்ளம். அது மேடாகத் தெரிவதுதான் புதிர்.

எவ்வளவு பள்ளம்? அதிகம் வேண்டாம். டயர் உருளும்போது நசுங்கி நிமிர்வதில் கொஞ்சம் ஆற்றல் வீணாகிறது. அந்தத் தடையை மீறிக் கார் தானாக நகர, 100 மீட்டருக்கு ஏறத்தாழ 1 மீட்டருக்கு மேல் சரிவு இருந்தால் போதும். சாலை 100 மீட்டருக்கு 2 மீட்டர் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அதில் பாதியை டயர் தின்றுவிட, மீதிப் பாதி காரை முடுக்கும். 100 மீட்டர் உருண்டு முடிக்கும்போது வேகம் மணிக்கு 16 கிலோமீட்டரை எட்டியிருக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் கூச்சல் போட இது தாராளம். இத்தனைக்கும் அந்தச் சரிவின் கோணம் 1 டிகிரிக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

இவ்வளவு சின்னச் சரிவை உடம்பு உணராதா? காதுக்குள் இதற்கென்றே ஓர் உறுப்பு இருக்கிறது. கூழ் போன்ற படலத்தின்மேல் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் உட்கார்ந்திருக்கும். தலை சாய்ந்தால் அவை ஒரு பக்கம் சரிந்து, அடியிலுள்ள மயிரிழைகளை வளைக்கும். மூளைக்குச் சேதி போகும். ஆனால் ஓரிரு டிகிரிச் சாய்வுக்கு அந்தச் சேதி மிகவும் மெலிந்தது. அதுவும் குஷன் சீட்டில் சாய்ந்திருக்கும்போது கேட்கவே வேண்டாம். மூளை கண் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறது.

கண் எதை வைத்துச் சொல்கிறது? கொத்தனாரிடம் ரசமட்டம் இருக்கிறது, தூக்குக்குண்டு இருக்கிறது. கண்ணிடம் இரண்டும் இல்லை. அதற்குக் கிடைப்பது தொடுவானம். சமதளத்தில் நேராகப் போகும் சாலையின் இரு ஓரங்களும் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்வது போலத் தெரியும் அல்லவா, அந்தப் புள்ளி சரியாகத் தொடுவானத்தின்மேல் விழும். சாலை இறங்கினால் புள்ளி தொடுவானத்துக்குக் கீழே போகும், ஏறினால் மேலே. கடற்கரைச் சாலையில் இந்தக் கணக்கு பிசகாது. மலைகளுக்கு நடுவே உண்மையான தொடுவானம் மறைந்துவிடுகிறது. கண் சும்மா இருப்பதில்லை. எதிரே தெரியும் நிலத்தின் விளிம்பையே தொடுவானமாக எடுத்துக்கொள்கிறது. சுற்றியுள்ள நிலம் முழுவதும் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தால் அந்தப் போலித் தொடுவானம் தாழ்ந்து கிடக்கும். சாலை லேசாக இறங்கினாலும் அதன் கடைசிப் புள்ளி போலிக் கோட்டுக்கு மேலே நிற்கும். மேடு என்று தீர்ப்பாகிவிடுகிறது.

நிமிர்ந்து நிற்கும் மரங்களோ சுவர்களோ இருந்தால் கண்ணுக்குக் கொஞ்சம் சந்தேகமாவது வரும். லடாக்கின் அந்த வெளியில் மரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

இன்னொரு காரணம் நம் ஊர் மலைப்பாதைகளிலும் கிடைக்கும். ஏற்காட்டிலிருந்தோ கொல்லிமலையிலிருந்தோ இறங்கும்போது, செங்குத்தான இறக்கம் முடிந்து சாலை சற்றுத் தளரும் இடத்தைக் கவனியுங்கள். இன்னும் இறக்கம்தான், ஆனால் எதிரே ஏற்றம் நிற்பது போலத் தோன்றும். சுடுதண்ணீரில் வைத்திருந்த கையை வெதுவெதுப்பான நீரில் விட்டால் குளிர்வது போலத்தான்.

இத்தாலிய ஆய்வாளர்கள் பாவ்லா பிரெஸ்ஸானும் லூயிஜி கர்லாஸ்கெல்லியும் இன்னொருவரும் சேர்ந்து இதை மேசைமேல் செய்து பார்த்து 2003இல் வெளியிட்டார்கள். பலகைகளை வெவ்வேறு சரிவில் அடுக்கிச் சாலை மாதிரிகளைக் கட்டி, பார்ப்பவர்களிடம் எந்தப் பலகை ஏறுகிறது, எது இறங்குகிறது என்று கேட்டார்கள். தெரியும் தொடுவானத்தின் உயரத்தைப் பொறுத்துச் சரிவு பற்றிய கணிப்பு மாறியது. செங்குத்தான இறக்கத்துக்கு முன்னாலோ பின்னாலோ பக்கத்திலோ இருந்த லேசான இறக்கம் மேடாகத் தெரிந்தது. மலை இல்லை, காந்தம் இல்லை, ஒரு மேசையும் சில பலகைகளும் போதுமாக இருந்தன.

இப்படிப்பட்ட இடங்கள் உலகெங்கும் இருக்கின்றன. கனடாவில் மாங்க்டன் நகரத்துக்காரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு மேடேற விடுகிறார்கள். அமெரிக்காவில் புளோரிடாவின் லேக் வேல்ஸ் ஊரில் இருப்பதற்குப் பேய்க்குன்று என்கிற மாதிரிப் பெயர். எனக்கு மிகவும் பிடித்தது ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் கடற்கரையோரம் இருக்கும் எலெக்ட்ரிக் பிரே. மின்சாரம் புதுசாக இருந்த காலத்தில், புரியாத எதற்கும் மின்சாரமே காரணம் என்று வைத்த பெயர். ‘பிரே’ என்றால் அவர்கள் பேச்சில் சரிவு. அங்கே சாலையோரம் ஒரு கல் நட்டு உண்மையை வெட்டிவைத்திருக்கிறார்கள்: சரிவு 86க்கு 1, இருபுறமும் உள்ள நிலத்தின் அமைப்புதான் அதைத் தலைகீழாகக் காட்டுகிறது. 86க்கு 1 என்றால் முக்கால் டிகிரிகூட இல்லை, டயரின் தடையை மயிரிழையில் தாண்டுகிற அளவு. குட்டு அங்கேயே உடைந்த பிறகும் கூட்டம் குறையவில்லை. ஆட்கள் அந்தக் கல்லைப் படித்துவிட்டு, திரும்பி வந்து, காரை உருட்டிப் பார்க்கிறார்கள்.

கலிபோர்னியாவில் சாண்டா குரூஸ் பக்கம் இருக்கும் மர்ம இடம் இதன் ஒன்றுவிட்ட தம்பி. அங்கே சாய்ந்த ஒரு மரவீட்டுக்குள் விடுவார்கள். சுவர் செங்குத்து என்று கண் நம்பிவிடுவதால், நேராக நிற்கும் ஆள் சாய்ந்து தெரிவார், பந்து பலகையில் மேலே உருள்வது போலத் தோன்றும். ஆளை ஏமாற்ற ஒரு வீட்டையே சாய்ப்பது கொஞ்சம் அதிகப்படி என்பது என் கட்சி. லடாக்கில் வெறும் வெள்ளைக் கட்டத்தோடு வேலை முடிந்தது.

இப்படி ஓர் இடத்துக்குப் போகிறவர்கள் போன் ஜிபிஎஸ் காட்டும் உயரத்தை நம்பி வாதம் செய்ய வேண்டாம். அதில் சில மீட்டர்கள் பிசகு சாதாரணம், இங்கே அளக்க வேண்டியதோ சென்டிமீட்டரில். அஸ்திவாரம் போடும்போது கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப் போதும். 10 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெளிவான பிளாஸ்டிக் டியூபை வாங்கி, நடுவில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். வண்டிகள் வராத ஓரமாகப் பார்த்து, 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு பேர் நின்று ஆளுக்கொரு முனையைத் தூக்கிப் பிடியுங்கள். இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். சாலையிலிருந்து தண்ணீர் வரை உள்ள உயரத்தை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்தால், எந்தப் பக்கம் உயரம் கூடுதலோ அந்தப் பக்கம் சாலை தாழ்ந்திருக்கிறது. 100க்கு 2 சரிவானால் வித்தியாசம் 20 சென்டிமீட்டர், ஒரு சாண் அளவு. அளந்து முடித்து, கணக்கும் சரியாக வந்து, டியூபைச் சுருட்டிக்கொண்டே நிமிர்ந்து பாருங்கள். அப்போதும் அது மேடாகத்தான் தெரியும்.