ஒரு ஆளுக்கு வதக்கும்போது கடாயில் என்ன நடக்கிறது?

அறை எடுத்துத் தனியாகத் தங்கியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "பாஸ்ட் புட் கடையில் முட்டைகோஸும் கேரட்டும் நறுக்கென்று, ஓரம் லேசாகச் சிவந்து வருகிறது. நான் செய்தால் தண்ணீர் விட்டுக்கொண்டு பொரியலும் இல்லாமல் கூட்டும் இல்லாமல் ஆகிவிடுகிறது. என் அடுப்பு சரியில்லையா?" அடுப்பும் ஒரு காரணம்தான். ஆனால் இரண்டு நாளைக்குச் சேர்த்து ஒரு கிலோ காயை ஒரே தடவையில் கொட்டுவதாகவும் எழுதியிருந்தார். பிரச்சினை அங்கேதான்.

பள்ளியில் படித்ததுதான். முட்டைகோஸில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். மேற்பரப்பில் தண்ணீர் இருக்கும்வரை அங்கே வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. சிவப்பதும் மணப்பதும் மெய்லார்ட் வினையால் (சூட்டில் அமினோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து மாறுவது, 1912-ல் பிரெஞ்சு வேதியியலாளர் மெய்லார்ட் விவரித்தது), அது சுமார் 140 டிகிரியில்தான் வேகம் பிடிக்கும். ஆக, கசியும் தண்ணீர் கசிந்த வேகத்திலேயே ஆவியாகிறதா என்பதுதான் கேள்வி.

சரி, கணக்குப் போடுவோம், எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடமே இதுதான். வீட்டுக் கேஸ் அடுப்பின் பெரிய பர்னரிலிருந்து கடாய்க்குள் போவது நொடிக்கு ஏறத்தாழ 1.5 கிலோஜூல். ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க 2.26 கிலோஜூல் வேண்டும். முழுத் தீ வைத்தாலும் நிமிடத்துக்கு 40 கிராம் தண்ணீரைத்தான் விரட்ட முடியும், அதற்கு மேல் கசிந்தால் அடியில் தேங்கும், காய் வதங்காமல் வேகும்.

ஆனால் கடாயிடம் ஒரு சேமிப்பு இருக்கிறது. ஒன்றரைக் கிலோ இரும்புக் கடாயை 230 டிகிரிக்குக் காய்ச்சினால், அது 100-க்கு இறங்குவதற்குள் கிட்டத்தட்ட 88 கிலோஜூலைக் கொடுக்கும். ஒரு ஆளுக்கான 200 கிராம் காயை அறை வெப்பத்திலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 60 கிலோஜூல் கூடத் தேவையில்லை. அதாவது தீயின் உதவி இல்லாமலே இரும்பு மட்டும் அந்த வேலையை முடித்துவிடும், தீ முழுவதும் தண்ணீரை விரட்டக் கிடைக்கும்! ஒரு கிலோ காய்க்கோ 280 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். சேமிப்பு உடனே கரைந்துபோகும், மிச்சத்தைத் தீ கொடுக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த இரண்டு நிமிடம்தான் காயைக் கெடுக்கிறது. 60 டிகிரி வாக்கிலேயே செல் சவ்வுகள் உடைந்து தண்ணீர் வெளியே வரத் தொடங்கிவிடும், அதை ஆவியாக்கும் சூடோ இன்னும் வந்திருக்காது. பாஸ்ட் புட் கடைக்காரர் இதைப் பல மடங்கு பெரிய தீயால் சமாளிக்கிறார். நமக்கு அது முடியாது, ஆனால் ஒரு ஆளுக்குச் சமைப்பவருக்கு அது தேவையும் இல்லை.

கடாயைத் தூக்கித் தூக்கிப் போடுவதும் சும்மா இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் ஹங்டாங் கோவும் டேவிட் ஹூவும் ஃப்ரைடு ரைஸ் செய்யும் சீனச் சமையல்காரர்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 2020-ல் வெளியிட்டார்கள். நொடிக்கு மூன்று முறைக்குச் சற்றுக் குறைவாகக் கடாய் முன்னும் பின்னும் போய்க்கொண்டே சாய்ந்தாடுகிறது, அதனால்தான் அவ்வளவு சூட்டிலும் சோறு கருகுவதில்லை. இதே ஹூவின் முந்தைய ஆய்வுகளை 2016-ல் ஒரு அமெரிக்க செனட்டர் வீண்செலவுப் பட்டியலில் சேர்த்தார். அவை சமையலைப் பற்றியவை அல்ல, ஆனாலும் எனக்கு அதில் கோபம் உண்டு, நாளை இந்தக் கடாய் ஆய்வையும் அப்படிச் சொல்லலாம். கோடிக்கணக்கான பேர் தினமும் நிற்கும் அடுப்படியைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பதை வீண் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இனி உங்கள் அடுப்புக்கு வருவோம். காயைக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள், ஒட்டியிருக்கும் 20 கிராம் தண்ணீருக்கே அரை நிமிடத் தீ போய்விடும். வெறும் இரும்புக் கடாயைக் காயவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சொட்டு உடனே சுண்டாமல் உருண்டு ஓடினால் (1756-லேயே லைடன்ஃப்ராஸ்ட் எழுதிவைத்த விளைவு) சூடு 200-ஐ ஒட்டி வந்துவிட்டது. நான்ஸ்டிக்கில் இதைச் செய்யாதீர்கள், வெறுமனே காய்ச்சினால் பூச்சு கெட்டு நச்சுப்புகை வரும். அப்புறம் ரீஃபைண்ட் கடலை எண்ணெய் ஒரு ஸ்பூன், முதலில் கேரட், பீன்ஸ், கடைசியில் கோஸ். உப்பை இறக்கும்போது போடுங்கள், முன்னாலேயே போட்டால் சவ்வூடுபரவல் தண்ணீரை இழுத்துவிடும். புரதத்துக்கு ஒரு முட்டையையோ ஒரு கைப்பிடி முளைகட்டிய பச்சைப்பயறையோ தனியாக வதக்கிச் சேர்க்கலாம், பனீர்தான் வாங்க வேண்டும் என்றில்லை. ஐந்து நிமிட முழுத் தீக்குச் செலவாகும் கேஸ் சுமார் 15 கிராம். காயை வேகவைத்த தண்ணீரைக் கொட்டுவது இல்லை என்பதால் வைட்டமின் சி-யும் பெரும்பாலும் தட்டுக்கே வரும்.

நண்பர் யாராவது சாப்பிட வந்தால் காயை இரண்டு மடங்காகப் போடாதீர்கள். முதல் தட்டைக் கொடுத்துவிட்டு, கடாயைத் துடைத்து, ஒன்றரை நிமிடம் மறுபடி காயவிட்டு இரண்டாவதை வதக்குங்கள்.